‘ஃபன்னி’ என்று பாட்டி சொன்னபோது நான் சிரித்தேன்

2022 டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனை, எலும்பு முறிவு வார்டு. நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த 82 வயதுப் பாட்டி ஒருவரை இரண்டாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி உட்கார வைக்க வேண்டும். நானும் ஒரு உதவியாளரும் ஆளுக்கு ஒரு பக்கம். பாட்டி கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து, ‘ஓ, ஐ ஹாவ் கம் ஓவர் ஆல் ஃபன்னி, லவ்’ என்றார். நான் சிரித்தேன். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார், மனுஷி உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்து, ‘குட், குட்’ என்று சொல்லி வாக்கரை அவர் பக்கம் நகர்த்தினேன். எழுந்து நின்ற அடுத்த நொடி அவர் கண் மேலே செருகியது, உடம்பு துவண்டது. உதவியாளர் பிடித்துக்கொண்டதால் தலை அடிபடாமல் மெதுவாகத் தரையில் சரிந்தார். முழங்கையில் தோல் கிழிந்தது. பிரஷர் பார்த்தால் 84க்கு 50.

‘ஐ ஹாவ் கம் ஓவர் ஃபன்னி’ என்றால் திடீரென்று உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது, மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அதாவது நம் வீட்டுக் கிழவி ‘எனக்கு ஒரு மாதிரியா வருதும்மா’ என்று சொல்வாளே, அதேதான். என் ஆச்சி அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த மூச்சில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிட்டிருப்பேன். யார்க்‌ஷயர் ஆச்சி சொன்னபோது சிரித்துவிட்டேன். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து சம்பவ அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. அம்மா போன் பண்ணியபோது வேலை நன்றாகப் போகிறது என்றேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணி வந்தவளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

பரீட்சைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், காசு போனது அங்கேதான். நான் திருநெல்வேலிப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்தேன். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதினால் எழுத்துத் தேர்வில் 6.5, மற்றவற்றில் 7 வேண்டும். ஒரு பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கட்டினேன். அவர்கள் முதல் நாளே கையில் கொடுத்தது ஒரு சொல் பட்டியல். ‘பிளெத்தோரா’, ‘மிரியட்’, ‘யூபிக்விட்டஸ்’, ‘டெட்ரிமென்டல்’ என்று 3,000 சொற்கள். ‘மெனி’ என்று எழுதினால் மார்க் போய்விடும், ‘பிளெத்தோரா’ என்று எழுது என்பார்கள். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதுகூட மனப்பாடம் பண்ணினேன். இரண்டு தடவை எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் சுமார் 14,000 ரூபாய். இரண்டு தடவையும் எழுத்துத் தேர்வில் 6.0 தான். பயிற்சியும் இரண்டு பரீட்சையும் சேர்த்து 63,000 ரூபாய், என்னுடைய நாலரை மாதச் சம்பளம், ஒன்றே கால் வருஷ உழைப்போடு சேர்ந்து போனது.

அந்த எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு இருப்பது நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்தான். அதிலும் அவர்கள் பார்ப்பது சொல்லின் கனத்தை இல்லை, அந்தச் சொல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டி நிற்கிறதா என்பதை. மழை பலமாகப் பெய்தால் அவர்களுக்கு அது ‘ஹெவி ரெயின்’, டீ திக்காக இருந்தால் ‘ஸ்ட்ராங் டீ’. இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் சரியாக இருந்தும் காதில் உறுத்தும். நாமும் ‘கொட்டும் மழை’ என்போம், ‘கொட்டும் வெயில்’ என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி. நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு பெரிய சொல்லைக் கொண்டுவந்து நட்டு வைத்திருந்தேன். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத சொற்கள். யாராவது அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் இரண்டாவது தடவை பணம் கட்டியிருக்க மாட்டேன்.

அப்புறம் நர்ஸ், டாக்டர்களுக்கென்றே இருக்கிற ஓ.இ.டி. பரீட்சைக்கு மாறினேன். 32,000 ரூபாய்க்கு மேல் ஆனது, ஆனால் அது வீண் இல்லை. அதில் எழுத வேண்டியது 180லிருந்து 200 சொல்லுக்குள் ஒரு கடிதம், ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவருக்கு. சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுவதற்கே தனியாக மதிப்பெண் உண்டு. பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, டியூட்டி மாறும்போது இன்னொரு நர்ஸிடம் நோயாளியைப் பற்றிச் சொல்வது போல எழுதினேன். முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். அதனால் ஆங்கிலம் வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். மருத்துவ ஆங்கிலம் வந்திருந்தது, அவ்வளவுதான். ‘ஹைப்போடென்ஷன்’ என்றால் பிரஷர் குறைவது என்று எனக்குத் தெரியும், ஆனால் மயங்கி விழப் போகிறவர் யாரும் ‘எனக்கு ஹைப்போடென்ஷன்’ என்று சொல்வதில்லை.

பாட்டி விழுவதற்கு ஒரு மாதம் முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது, நான்தான் கவனிக்கவில்லை. காலையில் மருந்து கொடுக்கப் போனபோது ஒரு நோயாளி, ‘ஐ வாஸ் சிக் ட்வைஸ் இன் த நைட்’ என்றார். ராத்திரி இரண்டு தடவை உடம்பு சரியில்லாமல் இருந்தது என்கிறார் போல, இப்போது பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். இங்கே ‘ஐ வாஸ் சிக்’ என்றால் வாந்தி எடுத்தேன் என்று பொருள். ‘ஐ ஃபீல் சிக்’ என்றால் குமட்டுகிறது. நம் ஊரில் லீவு லெட்டரில் எழுதும் ‘சிக்’குக்கு இங்கே ‘இல்’ என்பார்கள், அல்லது ‘பூர்லி’ என்பார்கள். அவர் வாந்தி எடுத்ததில் ராத்திரி விழுங்கிய வலி மாத்திரையும் வெளியே வந்திருக்கிறது. நான் குறிப்பேட்டில் எழுதவும் இல்லை, வாந்திக்கு மருந்து கேட்கவும் இல்லை. மத்தியானம் டாக்டர் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. அதுவரை அந்த மனிதர் வலியோடு கிடந்தார். தெரியாத சொல் வந்தால் கேட்டுவிடலாம். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வரும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் கேட்க வேண்டும் என்றே தோன்றாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த மாதிரிச் சொற்களைத்தான். ‘பூர்லி’யும் அப்படித்தான். ‘ஷீ இஸ் வெரி பூர்லி’ என்று வார்டில் சொன்னால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

பாட்டி விழுந்த வாரம், இங்கே 15 வருஷமாக இருக்கிற கோட்டயத்துச் சேச்சி ஒருவர் சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. ‘இவர்கள் பேசுவதை எழுதி வை மோளே, புத்தகத்தில் இருப்பதை இல்லை’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று சாயங்காலமே யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்குகிற ஒரு குட்டி நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டு எப்படி எழுதினேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையில் எனக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். சொல்லை மட்டும் எழுதமாட்டேன், அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுதுவேன். யார் சொன்னது என்பதற்கு ‘வயதான அம்மா’, ‘இளைஞர்’, ‘டாக்டர்’ என்று மட்டும் ஒரு குறிப்பு. பெயர், படுக்கை எண், நோய் எதுவும் எழுதவே கூடாது. நோட்டு கீழே விழுந்து யாராவது எடுத்தால் நோயாளியின் அந்தரங்கம் போய்விடும், வேலையும் போய்விடும். அதற்குக் கீழே தமிழ். அகராதித் தமிழ் இல்லை, அந்த நிலைமையில் எங்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ அந்தத் தமிழ். ‘குவீஸி’ என்றால் ‘குமட்டல்’ என்று எழுதாமல் ‘வயித்தைப் பிரட்டுது’ என்று எழுதினேன். ‘ஊஸி’க்கு ‘கிறுகிறுன்னு வருது’. ‘கிராகி’க்கு ‘தூக்கம் தெளிஞ்சும் தெளியாம மந்தமா இருக்கு’, ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் சொல்வது. ‘பெக்கிஷ்’ என்றால் ‘ஏதாவது கொறிச்சா தேவலை’. ‘பங்ட் அப்’ என்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது, மூக்காகவும் இருக்கலாம், வயிறாகவும் இருக்கலாம், கையை எங்கே வைத்துச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். இப்படி எழுதியதும் சொல் மனசில் நின்றுவிட்டது. 3,000 சொல் பட்டியலில் இன்றைக்கு முப்பதுகூட ஞாபகம் இல்லை. நோட்டில் எட்டு மாதத்தில் எழுதிய சுமார் 400 சொல்லில் முக்கால்வாசி காதில் விழுந்தவுடன் புரிகிறது, 150 போல என் வாயிலும் வருகிறது.

ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன்னையே வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். முதல் ஓரிரு நாளில்தான் பெரும்பகுதி கழன்று போகும். அதனால் அன்று ராத்திரி ஒரு தடவை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மாதம் முடியும்போது என்று புரட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம்தான். இன்னொன்று, ஒரே மாதிரிச் சொற்களை ஒரே நாளில் எழுதாதீர்கள். ‘டிஸி’ (தலை சுத்துது), ‘ஊஸி’, ‘கிராகி’ மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதியதால் இரண்டு வாரம் ஒன்றுக்கொன்று குழம்பிப் போனது.

வலி விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதை மட்டும் தனியாகவே எழுதலாம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர், நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைச் சேர்த்து 1975ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். அதில் 78 சொற்கள், 20 தொகுதிகள். அதை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, பாதிக்கு மேல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விண் விண்ணென்று தெறித்தால் ‘த்ராபிங்’. கத்தியால் குத்துகிற மாதிரி என்றால் ‘ஸ்டாபிங்’. வெட்டுக்காயத்தில் டெட்டால் பட்டதும் வருகிற காந்தல் ‘ஸ்டிங்கிங்’. கால் உளைச்சல் ‘ஏக்கிங்’. எலும்புக்குள் குடைகிறதே, அந்தக் குடைச்சலுக்கு அவர்கள் சொல்வது ‘போரிங்’. துளை போடுவது என்ற அர்த்தத்தில் வருகிற ‘போர்’, நம் ஊர் போர்வெல்லில் இருப்பது. அந்தப் பட்டியலுக்கு வெளியே வார்டில் கேட்டவை வேறு. சுருக்கென்று ஒரு நொடி வந்து போவது ‘ட்விஞ்ச்’. பெரிய வலி இல்லை, ஆனால் நாள் பூரா நச்சு நச்சென்று இருக்கிறது என்றால் ‘நிகிள்’. மரத்துப்போன காலில் ஊசி ஊசியாகக் குத்துவது ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’. எங்கள் வார்டில் இந்தக் கடைசிச் சொல் மிகவும் முக்கியம். மாவுக்கட்டு போட்ட காலில் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், கட்டு இறுகி நரம்பையோ ரத்த ஓட்டத்தையோ அழுத்தலாம், உடனே விரலின் நிறத்தையும் சூட்டையும் பார்த்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். ‘கொஞ்சம் மரத்துப் போச்சு போல’ என்று விட்டுவிட்டால் காலே போகலாம்.

வடக்கு இங்கிலாந்து முதியவர்களிடம் இன்னொரு பழக்கம், எதையும் குறைத்தே சொல்வார்கள். ‘எ பிட் சோர்’, கொஞ்சம் வலிக்கிறது என்பார், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எட்டு என்பார். ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’ என்றால் புலம்பக் கூடாது, ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம், வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. நம் ஊர்ப் பெரியவர்களும் ‘ஏதோ இருக்கேன்’ என்பார்களே, அந்தக் குரலை நினைத்துக்கொண்டால் பிடிபட்டுவிடும். கழிப்பறை விஷயமும் நேராக வராது. ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும், ஒரு காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவு திறக்க ஒரு பென்னி போட வேண்டியிருந்ததாம். ‘வாட்டர்வர்க்ஸ்’ என்றால் குடிநீர் வாரியம் இல்லை, சிறுநீர்ப் பிரச்சினை. மலத்தை வகைப்படுத்த வார்டில் மாட்டியிருக்கும் பிரிஸ்டல் அட்டவணையைப் பாருங்கள், 1997ல் ஆய்வாளர்கள் வெளியிட்டது, ஏழு வகை. அதில் இருப்பதெல்லாம் ‘லம்ப்ஸ்’, ‘மஷி’, ‘ஃப்ளஃபி’ மாதிரி வீட்டுச் சொற்கள்தான். அறிவியல் தேவைப்படுகிற இடத்திலேயே அவர்கள் சமையலறைச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகுதான் சின்னச் சொல் மட்டமான சொல் என்ற எண்ணம் எனக்கு முழுசாகப் போனது.

கேட்ட சொல்லை உடனே வாயில் எடுக்க வேண்டாம். ‘நாக்கர்ட்’ என்றால் அலுத்துக் களைத்துப் போய்விட்டேன் என்று அர்த்தம், சக நர்ஸ்கள் நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார்கள். நான் அதைப் போய் நோயாளியின் மகளிடம், ‘உங்கள் அம்மா இன்று நாக்கர்ட்’ என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, இன்னொருவரின் அம்மாவைப் பற்றி நர்ஸ் சொல்வது இல்லை. ‘டயர்ட்’ போதும். அதிலிருந்து ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு பேர் சொல்லிக் கேட்டபிறகுதான் நான் சொல்வேன். கற்போருக்கான நல்ல அகராதியில் எது பேச்சு வழக்கு, எது பிரிட்டனில் மட்டும், எது பழையது என்று பக்கத்திலேயே போட்டிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளலாம். ‘மார்டி’ என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, ‘நிதர்ட்’ என்றால் குளிரில் விறைத்துப் போவது, இதெல்லாம் இந்தப் பக்கத்துச் சொற்கள். புரிந்தால் போதும், லண்டனில் போய்ச் சொன்னால் விழிப்பார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லவும் எனக்குச் சொல் இல்லாமல் இருந்தது என்பதைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தேன். வார்டு மேனேஜர் வாரா வாரம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். ‘ஃபைன்’ என்பேன். ஒரு தடவை ‘டென்ஷன்’ என்றேன், யாரோடு சண்டை என்று கேட்டார். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த டிசம்பரில், நைட் டியூட்டி என்றாலே மதியத்திலிருந்து வயிற்றைக் கலக்கும். அதற்கு ‘ட்ரெடிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எல்லாம் ஒன்றாகத் தலைக்கு மேல் வந்து மூச்சு முட்டுவதற்கு ‘ஓவர்வெல்ம்ட்’. பிப்ரவரியில் ஒரு நாள் அந்த இரண்டு சொல்லையும் வைத்து இரண்டு வாக்கியம் பேசினேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்த மாத அட்டவணையில் தொடர்ந்து நான்கு நைட் வந்தது இரண்டாகக் குறைந்தது, புது வேலையாக வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சீனியர் கூட நின்றார். மூன்று மாதம் நான் ‘ஃபைன்’ என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு தாத்தா, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை உட்கார்ந்தவர், ‘ஃபீலிங் எ பிட் ஃபன்னி’ என்றார். வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ‘எப்படி ஃபன்னி? ஊஸியாகவா, வாந்தி வருகிற மாதிரியா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ‘நோ, லவ். மை ஹெட்ஸ் ஸ்விம்மிங்’ என்றார். படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தேன், 128. உட்கார வைத்துப் பார்த்தேன், 98. இருபதுக்கு மேல் இறங்கினாலே எழுப்பக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டோம், காலையில் கொடுக்கும் பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். இடைவேளையில் நோட்டைத் திறந்து அவர் சொன்ன வாக்கியத்தை எழுதினேன். அதற்குக் கீழே, ‘தலை மிதக்குது’.